நல்லேர் பூட்டியது யார்?

"நீங்க அவரைக் கேள்வி கேக்கலாம்மா. கேளுங்க."

அதிகாரி இப்படிச் சொல்லிவிட்டுப் பேனாவை மூடாமல் கையிலேயே வைத்துக்கொண்டார். தலைக்கு மேலே மின்விசிறி சுற்றுக்கு ஒருமுறை முனகியது. எதிரே, கை நீட்டினால் தொட்டுவிடும் தூரத்தில், எங்கள் ஊர்ப் பண்ணையார் உட்கார்ந்திருந்தார். வெள்ளைச் சட்டை, தோளில் மடித்த அங்கவஸ்திரம். அவர் பக்கமிருந்து சந்தன வாசனை வந்தது. என் பக்கமிருந்து அடுப்புப் புகை வாசனை போயிருக்கும்.

கேள்வி கேட்பதா? அவரையா?

இன்றைக்குப் பிள்ளைகள் எல்லாரையும் எல்லாமும் கேட்கிறார்கள். அவர்களுக்கு இதை விளங்கச் சொல்ல வேண்டும். எங்கள் ஊரில் பண்ணையாரை யாரும் கேள்வி கேட்டதில்லை. பயம் என்று மட்டும் சொல்ல மாட்டேன், அந்தப் பழக்கமே வாயில் கிடையாது. வாய்க்காலில் எப்போது தண்ணீர் விடுவார்கள் என்று தெரிய வேண்டுமானால், "ஐயா, நாத்தங்கால் காஞ்சு கெடக்குங்க" என்று சொல்லிவிட்டு நிற்போம். கல்யாணத்துக்கு வருவாரா என்று அறிய வேண்டுமானால், "ஐயா வந்தா பந்தல் நெறைஞ்சிடும்" என்போம். அவருக்கு மனசிருந்தால் பதில் வரும். இல்லையென்றால் இன்னும் கொஞ்ச நேரம் நிற்க வேண்டியதுதான்.

இருபத்தைந்து வயது வரை இப்படியே பேசிய நாக்கு என்னுடையது. அதைத்தான் அன்றைக்கு அதிகாரி கேள் என்றார். என் ஆறு மா நிலம் அந்த நாக்கின் நுனியில் இருந்தது.

சென்ற வாரம் என் வீட்டுக்காரர் கோவிந்தராசு போய்ச் சேர்ந்த கார்த்திகை மாசத்தைப் பற்றி எழுதியிருந்தேன். அதைப் படித்த ஒரு வாசகி, "அதற்குப் பிறகு நிலத்தை எப்படி அம்மா காப்பாற்றினீர்கள்?" என்று கேட்டிருந்தார். நான் காப்பாற்றினேனா என்பது எனக்கே சந்தேகம். நடந்ததைச் சொல்கிறேன்.

திருமதி ஆன கதை

குத்தாலத்துக்குத் தெற்கே நாலு மைல் உள்ளே போனால் எங்கள் ஊர். என் மாமனார் காலத்திலிருந்து பண்ணையாரின் ஆறு மா நஞ்சையைக் குத்தகைக்கு உழுதுவந்தோம். ஆறு மா என்றால் ஏறக்குறைய ரெண்டு ஏக்கர். மாமனாருக்குப் பிறகு என் வீட்டுக்காரர், அவருக்குப் பிறகு நான். வீட்டில் நான், மாமியார், நடை பழகி ஓடத் தொடங்கியிருந்த என் மகள். மூன்று வயிறும் அந்த நிலத்தை நம்பித்தான்.

அப்போது சூரியன் சின்னத்துக்காரர்கள் ஆட்சிக்கு வந்து சில காலம் ஆகியிருந்தது. குத்தகைக்கு உழுகிறவர்கள் பெயரை அரசாங்கமே பதிந்துவைக்கும், பதிந்துவிட்டால் நிலத்துக்காரர் நினைத்தபடி வெளியேற்ற முடியாது என்று சட்டம் வந்தது. விவசாயச் சங்கத்துத் தோழர் ஒருவர் தெருத் தெருவாக வந்து எல்லாரிடமும் மனு வாங்கினார். நானும் ரேகை வைக்காமல் கையெழுத்துப் போட்டே கொடுத்தேன். எட்டாவது வரை படித்திருந்தேன், அதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு.

மனு போட்ட எல்லாருக்கும் பண்ணையார் தரப்பிலிருந்து ஆட்சேபணை போயிற்று. என் மனுவுக்கு அவர் சொன்ன பதில் இது: கோவிந்தராசு குத்தகைக்காரன்தான், ஆனால் அவன் செத்ததோடு குத்தகை முடிந்தது. அதற்குப் பிறகு நான் சொந்தத்தில் சாகுபடி செய்கிறேன், அந்தப் பெண் என்னிடம் கூலிக்கு நடவு நடுகிறாள்.

ஒரு நாள் தலையாரி விசாரணைக்கான நோட்டீசைக் கொண்டுவந்து கொடுத்தார். முழுக்கத் தமிழில் இருந்தது. மேலே 'திருமதி அஞ்சம்மாள்' என்று போட்டிருந்தது. ஊரில் நான் அஞ்சம்மா, 'ஏ புள்ள', கோவிந்தராசு பொண்டாட்டி, கடைசியாகக் கோவிந்தராசு பொண்டாட்டியாக இருந்தவள். திருமதி என்று யாரும் கூப்பிட்டதில்லை. மாமியார் அது என்ன என்று கேட்டாள். கல்யாணமான பெண்ணுக்கு மரியாதை வார்த்தை என்றேன். "அவன் போயி ரெண்டு வருசம் கழிச்சா இந்த மரியாதையை அனுப்புறாங்க?" என்று சொல்லிவிட்டு அவள் முறத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

எனக்கு அந்தக் காகிதத்தைத் திரும்பத் திரும்பப் பார்க்கத் தோன்றியது. பயத்தைவிட அங்கே என்ன நடக்கும் என்று பார்க்கும் ஆவல்தான் அதிகம் இருந்தது. சொன்னால் நம்ப மாட்டீர்கள், புடவைக்குக் கஞ்சி போட்டுவைத்தேன்.

"நீ ஒண்ணும் பேச வேணாம் தங்கச்சி, கையைக் கட்டிக்கிட்டு நில்லு. நான் பேசிக்கிறேன்" என்று தோழர் சொல்லியிருந்தார். சம்பா அறுவடை நேரம். கூலித் தகராறில் பக்கத்து ஊர் வயல்களில் அறுவடை நின்றிருந்தது, எங்கே பார்த்தாலும் போலீஸ் வேன். விசாரணைக்கு முதல் நாள் தோழரை வேனில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். வக்கீல் வைக்கலாம்தான். ஆனால் எனக்குத் தெரிந்த வக்கீல்கள் எல்லாரும் பண்ணையார் வீட்டுக் கல்யாணத்தில் முன்வரிசையில் உட்கார்ந்து சாப்பிட்டவர்கள்.

ஆக, என் வழக்கை நானே பேசுவது என்று ஆயிற்று.

ஒரு சுற்று உழவு

இந்த இடத்தில் நல்லேரைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. வழக்கே அதில்தான் சிக்கிக் கிடந்தது.

சித்திரையில் நல்ல நாள் பார்த்து ஊரில் எல்லா நிலத்திலும் ஒரே காலையில் ஏர் பூட்டுவார்கள். மாட்டுக் கொம்புக்கு மஞ்சள், கலப்பைக்குப் பொட்டு, வாழையிலையில் நெல்லும் வெல்லமும். அந்தந்த வீட்டு ஆண்பிள்ளை கிழக்கு பார்த்து ஒரு சுற்று ஓட்டுவான். அவ்வளவுதான் நல்லேர். அதற்குப் பிறகு மாட்டை அவிழ்த்து வீட்டுக்குப் போய்ப் பாயசம் குடிக்கலாம். உண்மையான உழவு தண்ணீர் வந்த பிறகு.

ஆனால் நல்லேர் பூட்டாத நிலம் அந்த வருஷம் மலடு என்பார்கள். தாலியில்லாதவள் அந்தக் காலையில் வரப்பிலேயே நிற்கக் கூடாது, கலப்பையைத் தொடுவதைப் பற்றிப் பேச்சே இல்லை.

என் வீட்டுக்காரர் போனதற்கு அடுத்த சித்திரை வந்தது. எங்கள் வீட்டில் இருந்தது தாலியில்லாத ரெண்டு பேர், ஒரு குழந்தை. மாடுகளைக் காரியச் செலவுக்கு விற்றாயிற்று. எல்லா வயலிலும் சலங்கைச் சத்தம் கேட்டது, எங்கள் வயலில் கொக்கு மேய்ந்தது. நான் மாட்டுக்கொட்டகைக்குள் கீற்று இடுக்கு வழியாகப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அப்போதுதான் பண்ணையார் வந்தார். பின்னால் அவருடைய மாடு, அவருடைய கலப்பை. வேட்டியை மடித்துக் கட்டி, செருப்பை வரப்பில் விட்டு, தானே கலப்பையின் கைப்பிடியான மேழியைப் பிடித்து எங்கள் வயலில் ஒரு சுற்று ஓட்டினார். ஏர் பிடித்துப் பழகாத கை. கலப்பை துள்ளியது, வேட்டியெல்லாம் புழுதி. ஊரே நின்று பார்த்தது. மாமியார் கொட்டகையிலேயே தரையில் விழுந்து கும்பிட்டாள். நான் அழுதேன். நன்றியில் அழுதேன் என்பதை மறைக்க என்ன இருக்கிறது? என் வீட்டுக்காரருக்குக் காய்ச்சல் முற்றியபோது ஆஸ்பத்திரிக்கு வில்வண்டி அனுப்பியவரும் அவர்தான்.

நாங்கள் வெற்றிலைத் தட்டைக் கொட்டகை வாசலில் வைத்துவிட்டு உள்ளே ஒதுங்கிக்கொண்டோம். அவர் எடுத்துக்கொண்டு போனார். அடுத்த சித்திரையிலும் அதேபோல் வந்தார், ஒரு சுற்று ஓட்டினார், தட்டை எடுத்துக்கொண்டார்.

தண்ணீர் வந்த பிறகு கீழத்தெரு மருதமுத்துவை நான் கூலிக்கு வைத்து உழுதேன். நாற்று, நடவு, களை எல்லாம் என் பாடு. அறுத்ததும் குத்தகை நெல்லை வண்டியேற்றிப் பண்ணையார் வீட்டில் கொண்டுபோய் அளந்தேன். சீட்டு கேட்டதில்லை, யாரும் கேட்டதில்லை. இப்போது அவர் தரப்பில், அது பண்ணையாரின் சொந்தச் சாகுபடி நெல், அவர் வீட்டுக்கே வந்தது என்றார்கள். ரெண்டு பேர் கதையிலும் நெல் அதே வண்டியில் அதே வீட்டுக்குத்தான் போகிறது. மிச்சம் இருந்த ஒரே அடையாளம், ஊர் முழுக்கக் கண்ணால் பார்த்த நல்லேர்தான். அது அவர் பக்கம் இருந்தது.

வெறும் சுவரைக் கும்பிட்டவள்

காலையில் முதல் பஸ்ஸில் நான், மாமியார், மருதமுத்து மூவரும் தாலுக்கா கச்சேரிக்குப் போனோம். குழந்தையைப் பக்கத்து வீட்டில் விட்டிருந்தேன். மருதமுத்து என் சாட்சி. வழியெல்லாம் அவர் தலைத்துண்டைக் கழற்றிக் கழற்றிக் கட்டிக்கொண்டே வந்தார்.

கச்சேரி வாசலில் புளியமரம், அடியில் மோர்ப் பானை. உள்ளே வராண்டாவில் எங்கள் ஊர்க்காரர்களே பத்துப் பதினைந்து பேர், எல்லாருக்கும் அன்றைக்கே விசாரணை. அதிகாரி அறைச் சுவரில் ஒரு இடத்தில் மட்டும் சுண்ணாம்பு பளிச்சென்று சதுரமாக இருந்தது. ஏதோ படம் மாட்டியிருந்து கழற்றியிருக்கிறார்கள். சாமி படமாகத்தான் இருந்திருக்கும் என்று மாமியார் அந்த வெறும் சுவரைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அது எந்தச் சாமி என்ற யோசனையும் கூடவே வந்தது. எந்த நேரத்தில் எதை யோசிப்பது என்ற விவஸ்தை எனக்கு என்றைக்கும் இருந்ததில்லை.

டவாலி போட்ட சேவகர், "திருமதி அஞ்சம்மாள்" என்று ராகம் போட்டுக் கூப்பிட்டார். உள்ளே போனேன். எனக்கும் ஒரு நாற்காலி போட்டிருந்தது. பண்ணையாருக்கு எதிரே நாற்காலியில் உட்காருவதா என்று நின்றேன். அதிகாரி ரெண்டு தடவை சொன்ன பிறகு விளிம்பில் உட்கார்ந்தேன். முதுகு சாயவே இல்லை.

அதிகாரி தெற்கத்திக்காரர், கரிசல்மண் பக்கம். வயது நாற்பதுக்குள் இருக்கும். உங்களுக்காக யார் பேசுகிறார்கள் என்று கேட்டார். பேச வேண்டியவரை நேற்றே போலீஸ் கூட்டிக்கொண்டு போய்விட்டது என்றேன். அவர் அதை எழுதிக்கொண்டார். விசாரணையை வேண்டுமானால் வேறு நாளுக்குத் தள்ளிப்போடலாம் என்றும் சொன்னார். மறுபடியும் வரப் பஸ் காசுக்கு எங்கே போவது? இன்றைக்கே நானே பேசுகிறேன் என்றேன். பின்னால் நின்ற கூட்டத்தில் யாரோ இருமினார்கள்.

மருதமுத்துவுக்குப் பொய் வராது

பண்ணையாரின் வக்கீல் முதலில் என்னையே பிடித்துக்கொண்டார். பட்டணத்து இலக்கணத் தமிழ்.

"அந்த வயலில் சென்ற சித்திரையில் நல்லேர் பூட்டியது யார்?"

"பண்ணையாருங்க."

"அதற்கு முந்தைய சித்திரையில்?"

"அவங்கதாங்க."

மாடு யாருடையது என்று கேட்டார், அவருடையது என்றேன். கலப்பையும் அவருடையதுதான் என்றேன். வக்கீல் அதிகாரியைப் பார்த்து, இதற்கு மேல் நான் சொல்ல ஒன்றும் இல்லை என்பதுபோல் கையை விரித்தார். உழுதவர் நிலத்துக்காரர், மாடும் கலப்பையும் அவருடையவை, ஊரே சாட்சி, மனுதாரரே ஒத்துக்கொள்கிறார் என்று வரிசையாகச் சொன்னார். ஒரு வார்த்தை பொய் இல்லை. அதுதான் எனக்கு வியப்பாக இருந்தது. நடந்ததை நடந்தபடியே சொல்லி, என் நிலத்தை என்னிடமிருந்து எடுத்துவிட முடிகிறது.

அடுத்து மருதமுத்து. அவரை நான் மலைபோல் நம்பியிருந்தேன். ஆனி ஆடியில் அஞ்சம்மாளின் வயலை உழுதாயா என்றார் அதிகாரி. உழுதேன் என்றார். யாருக்காக உழுதாய், யார் கூலி கொடுத்தது என்று கேட்டபோது மருதமுத்து பண்ணையாரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார்.

"கூலி அஞ்சம்மாதாங்க குடுத்துச்சு" என்றார்.

எனக்கு மூச்சு வந்தது. வக்கீல் விடவில்லை. பண்ணையார் கொடுத்த கூலியை அந்தம்மா கையால் கொடுத்திருக்கலாம் அல்லவா என்றார். மருதமுத்து நெடுநேரம் யோசித்து, "பணம் யாரு வூட்லேருந்து வந்துச்சுன்னு நான் எப்புடிங்க சொல்றது, நான் பாக்கலையே" என்றார். உண்மைதான். அவருக்குப் பொய் வராது என்று தெரிந்துதான் சாட்சிக்கு அழைத்துப்போனேன். அதுவே காலை வாரிவிட்டது.

அதற்குப் பிறகுதான் அதிகாரி பண்ணையாரைக் காட்டி, நீங்க அவரைக் கேள்வி கேக்கலாம்மா என்றார்.

ஒரே ஒரு கேள்வி

எழுந்து நின்றேன். வாயைத் திறந்தால் பழைய பழக்கம்தான் வந்தது.

"ஐயா நல்லா இருக்கணும். ஐயா வந்துதான் நல்லேர் பூட்டுனீங்க. அந்த நன்றியை நான் மறக்கலைங்க" என்றேன்.

வக்கீல் புன்னகையோடு, இதையும் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்றார். அதிகாரி எழுதவில்லை. "அம்மா, நீங்க அவரு பக்கத்தைத்தான் பேசிக்கிட்டிருக்கீங்க. கேள்வி இருந்தாக் கேளுங்க. இல்லைன்னா முடிச்சிடுறேன்" என்றார் மெதுவாக.

முடித்துவிட்டால் தெருதான். அது எனக்குத் தெரியும். தோழர் பேசுவதாக இருந்த குத்தகை நெல், களம், வண்டி என்ற எல்லாம் மண்டைக்குள் இருந்தன. ஆனால் எதையும் கேட்க வரவில்லை. அவற்றுக்கெல்லாம் அவர் என்ன சொல்வார் என்று எனக்கே தெரியும். தெரியாதது ஒன்றே ஒன்றுதான். இந்த ஆட்சேபணை வந்த நாளிலிருந்து அது என்னைத் தூங்கவிடாமல் அரித்துக்கொண்டிருந்தது. அன்றைக்குப் புழுதியில் இறங்கியது இரக்கமா, இல்லை இன்றைக்காகப் போட்ட திட்டமா? அப்போதே சட்டம் வரப்போவதாகப் பேச்சு இருந்தது என்று தோழர் சொன்னார். நிலம் போனாலும் போகட்டும், இது தெரிந்தாக வேண்டும் என்றுகூட அந்த நிமிஷத்தில் தோன்றியது.

"ஐயா, அன்னிக்கு ஏன் வந்தீங்க?" என்று கேட்டேன்.

எங்கள் ஊரில் பண்ணையாரிடம் கேட்கப்பட்ட முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்கும். வக்கீல் எழுந்து, இந்தக் கேள்வி வழக்குக்குச் சம்பந்தமில்லாதது என்றார். அந்தம்மாவுக்கு வக்கீல் இல்லை, கேட்கட்டும் என்று அதிகாரி அவரை உட்காரவைத்தார். எனக்கும் தெரிஞ்சுக்கணும்போல இருக்கு என்றும் சொன்னார்.

பண்ணையார் என்னைப் பார்க்கவில்லை. எனக்குப் பின்னால் பார்த்தார். அங்கே என் மாமியார் நின்றுகொண்டிருந்தாள். அவளுக்கு இந்த வழக்கு, ஆட்சேபணை ஒன்றும் விளங்கவில்லை. நல்லேர் என்ற பேச்சு வந்ததும், அன்றைக்குக் கொட்டகையில் கும்பிட்ட மாதிரியே கையைக் கூப்பிக்கொண்டு நின்றாள். அவளுக்குப் பின்னால் ஊர்.

அவர் முகம் சிவந்தது. கோபமா வெட்கமா என்று சொல்லத் தெரியவில்லை.

"கோவிந்தராசு போயி ஆறு மாசம் ஆவல. வூட்ல ஆம்பள இல்ல. நல்லேர் பூட்டாம கெடந்தா இந்தப் பொண்ணு வெள்ளாமை என்னத்துக்கு ஆவும்? அதான் போனேன். வேற எதுக்குப் போவேன்?" என்றார்.

வக்கீல் அவர் கையைத் தொட்டார். அவர் கையை இழுத்துக்கொண்டார்.

அதிகாரி பேனாவை எடுத்தார். "யாரு வெள்ளாமைங்க?" என்று சாதாரணமாகக் கேட்டார்.

"அவ வெள்ளாமைதான். அவளுக்கோசரந்தானே போனேன்? என் நிலத்துக்கு நான் நல்லேர் பூட்டணும்னா ஆளு இல்லையா எனக்கு?"

சொல்லி முடித்த பிறகுதான், தான் என்ன சொன்னோம் என்பது அவருக்கு எட்டியது. அதிகாரி எழுதியதை உரக்கப் படித்தார். 'மனுதாரரின் சாகுபடி கெட்டுவிடக் கூடாது என்பதற்காகவே நான் சென்று நல்லேர் பூட்டிக் கொடுத்தேன்.' இதில் ஏதாவது மாற்ற வேண்டுமா என்றார். வக்கீல் குனிந்து காதோடு வேகமாக ஏதோ சொன்னார். பண்ணையார் அதைக் கேட்டுக்கொண்டே என் மாமியாரின் கூப்பிய கையைப் பார்த்தார்.

"சொன்னது சொன்னதுதான்" என்று கையெழுத்துப் போட்டார்.

வெளியே வந்து புளியமரத்தடியில் ஒரு செம்பு மோர் குடித்தேன். பாதி மோர் கஞ்சி போட்ட புடவையில் கொட்டியது. சந்தோஷமாக இருக்க வேண்டிய நேரம். ஆனால் எனக்கு என்னவோ அந்த மனுஷனிடமிருந்து எதையோ பிடுங்கிக்கொண்டு வந்ததுபோல்தான் இருந்தது. கேள்விக்கும் முழுசாகப் பதில் கிடைக்கவில்லை. ஊர் பார்க்கிறது என்பதற்காகச் சொன்னாரா, உள்ளபடி அதுதான் காரணமா?

திரும்பும் பஸ்ஸில், குத்தாலம் தாண்டிய பிறகு மாமியார், "தெய்வமாட்டம் வந்த மனுசனைப் போயி ஏன் வந்தேன்னு கேட்டியேடி" என்றாள். அவ்வளவுதான்.

பங்குனியில் உத்தரவு வந்தது. ஆறு மா நிலத்துக்கும் குத்தகைக்காரர் என்று என் பெயர் பதிவாயிற்று.

அந்தச் சித்திரை

பங்குனி போனால் சித்திரை. நல்லேருக்கு நாள் வைத்தார்கள்.

இந்த வருஷம் பண்ணையார் வருவாரா? வழக்கில் தோற்றவர் எதற்கு வருவார் என்றார்கள் ஊரில். எனக்கு மட்டும் அந்த அரிப்பு விடவில்லை. வராமல் இருந்தால், முன்னே வந்ததெல்லாம் திட்டம்தான். வந்தாரானால் இரக்கம்தான். சும்மா கொட்டகையில் நின்று பார்த்தால் போதும், என் கேள்விக்குப் பதில் தெரிந்துவிடும். ஆசையாகத்தான் இருந்தது.

ஆனால் வந்து, மறுபடியும் அவர் மாடு, அவர் கலப்பை, அவர் கை என்று ஊர் பார்த்தால்? இன்னொரு ஆட்சேபணை, இன்னொரு வக்கீல், இன்னொரு தடவை கஞ்சி போட்ட புடவை. ஆசையை ஒதுக்கிவைத்துவிட்டு, நானே பூட்டிவிடுவது என்று மருதமுத்துவிடம் மாடு கேட்டேன்.

முடிவை முதலில் சொல்லிவிடுகிறேன், படிக்கிறவர்கள் பதற வேண்டாம். அந்த வருஷக் குறுவை மற்ற வருஷங்களைப் போலவேதான் விளைந்தது. மலடாகும் என்று சத்தியம் செய்து கதவைச் சாத்திக்கொண்டு கிடந்த மாமியார், புது அரிசிச் சோற்றை ரெண்டாம் தடவையும் போடச் சொல்லிச் சாப்பிட்டாள்.

அன்றைக்குக் காலையில், கிழக்கு வெளுத்ததும் மருதமுத்து மாட்டையும் கலப்பையையும் கொண்டுவந்து பூட்டி நிறுத்தினார். நிறுத்திவிட்டு விறுவிறுவென்று போய்ப் பனைமரத்துக்கு அந்தப் பக்கம் முதுகைக் காட்டி நின்றுகொண்டார். ஏன் அண்ணே என்றேன்.

"நான் பாக்கலம்மா. நாளைக்கு எவனாச்சும் சாட்சிக்குக் கூப்புட்டா எனக்குப் பொய் சொல்ல வராது" என்றார்.

கோடை மழை ஒன்று பெய்து மண் மெத்தென்றிருந்தது. புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு மேழியைப் பிடித்தேன். அது இவ்வளவு கனமாக அழுத்தும் என்று நான் நினைக்கவே இல்லை. கலப்பையின் கொழு முனை மண்ணில் இறங்கவில்லை, இறங்கியபோது எழவில்லை. உழுத சால் பாம்பு போன தடம் மாதிரி கோணிக்கொண்டு போயிற்று. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம், நான் மாட்டைத் திட்டினேன். பண்ணையாரின் கலப்பை அன்றைக்கு ஏன் துள்ளியது என்று அப்போதுதான் புரிந்தது. ஒரு சுற்று முடிந்து நின்றேன். பயமா பூரிப்பா என்று கேட்டால், ரெண்டும்தான்.

மாட்டை அவிழ்க்கப் போகும்போது வரப்பில் சலங்கை கேட்டது.

பண்ணையார் வந்துகொண்டிருந்தார். வேட்டி மடித்துக் கட்டியிருந்தது. பின்னால் அவருடைய மாடு, அவருடைய கலப்பை.

வரப்பு முனையில் நின்று வயலைப் பார்த்தார். கோணிப்போன உழவுத் தடத்தைப் பார்த்தார். தாலியில்லாமல், சேறு அப்பிய காலோடு வயல் நடுவே நிற்கிற என்னைப் பார்த்தார். செருப்பை ஏற்கெனவே கழற்றியிருந்தார். மறுபடியும் அதைப் போட்டுக்கொள்வதா வேண்டாமா என்று தெரியாமல் கால் தடுமாறியது.

நான் கொட்டகை வாசலில் வைத்திருந்த வெற்றிலைத் தட்டை எடுத்துக்கொண்டு போய், முதல் தடவையாக அவர் கையிலேயே நேரே கொடுத்தேன். நிலத்துக்காரருக்கு உள்ள மரியாதை அது, அதைக் குறைக்க எனக்கு எண்ணமில்லை. வாங்கிக்கொண்டார்.

"நான் வந்திருப்பேனே அஞ்சம்மா" என்றார்.

"தெரியுங்க. அதனாலதான் வெள்ளனவே பூட்டிட்டேன்" என்றேன்.